கீபோர்டை மூடி வைத்த மூன்று நாட்கள்

எங்கள் சபையில் ஆராதனைக்குக் கீபோர்டு வாசிக்கத் தொடங்கி 11 ஆண்டுகள் ஆகின்றன. எனக்கு முன்னால் வாசித்த சார் கண் பார்வை மங்கி ஒதுங்கியபோது, வேறு ஆள் இல்லாமல் என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். காதால் கேட்டுப் பழகியதுதான். சார் விட்டுப்போன பழைய கொயர் நோட்டுகள் எல்லாம் சோல்ஃபாவில், அதாவது டோ, ரே, மி என்ற ஸ்வரங்களை எழுத்தால் குறிக்கும் முறையில், எழுதியவை. நான்கு வரிசையாக எழுத்துகளும் புள்ளிகளும் கோடுகளுமாக இருக்கும். அதை வாசிக்கத் தெரியவில்லையே என்ற குறை எனக்குள் இருந்துகொண்டே இருந்தது.

அதனால் பாளையங்கோட்டையில் பாடல் குழுத் தலைவர்களுக்கு மூன்று நாள் பயிற்சி என்று கேள்விப்பட்டதும் எங்கள் சபைப் போதகரான சேகர குரு ஐயாவிடம் போய்க் கடிதம் வாங்கிவிட்டேன். கட்டணம் 1,200 ரூபாய், சாப்பாடும் தங்குமிடமும் அதிலேயே அடக்கம். வியாழன் காலை தொடங்கி சனி மதியத்தோடு முடித்துவிடுவார்கள், ஞாயிறு எல்லோரும் அவரவர் சபையில் இருந்தாக வேண்டுமே. மேற்கத்திய மெட்டுப் பாட்டுகள் உள்ள பாமாலை, இராக தாளத்தோடு பாடும் கீர்த்தனைகளின் புத்தகம், ஒரு 200 பக்க நோட்டு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

நாங்கள் 46 பேர். முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவைத்துக் குரல் பிரித்தார்கள். இத்தனை வருஷம் சோப்ரானோ (பெண்களின் மேல் குரல்) என்று நினைத்திருந்த என்னை ஆல்டோவில் (கீழ்க் குரல்) உட்கார வைத்தார்கள். அடுத்து பயிற்சியாளர் அம்மா சொன்னது: "கீபோர்டு, கிட்டார் எல்லாத்தையும் மூடி அந்த அறையில வச்சிருங்க. சனிக்கிழமை எடுத்துக்கலாம்." கை வெறுமையாக நிற்பது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது.

முதல் நாள் முழுக்க டானிக் சோல்ஃபா. 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வன் பரப்பிய முறை அது. அஞ்சு கோடு நோட்டேஷன் படிக்க வசதியில்லாத ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் தொழிலாளிகளும் நான்கு குரலில் பாட அது வழி செய்தது. முக்காற்புள்ளி அடித்தால் அடுத்த எண்ணிக்கை. ஒற்றைப் புள்ளி அரை எண்ணிக்கை. சிறு கோடு போட்டால் அதே ஸ்வரத்தை நீட்ட வேண்டும். இவ்வளவுதான் அடிப்படை. "நம்ம ச எப்படி யார் குரலுக்கு எங்க வச்சாலும் ச-தானோ, அப்படித்தான் இந்த டோ-வும்" என்று அம்மா சொன்னபோது எனக்குப் பிடிபட்டுவிட்டது. சாயங்காலத்துக்குள் சாரின் நோட்டிலிருந்து ஆல்டோ வரியைத் தட்டுத் தடுமாறிப் பாடினேன். அவர் எழுத்தை அவர் குரலில் கேட்பதுபோல் இருந்தது.

இரண்டாம் நாள் காலைதான் என்னை உலுக்கியது. பாமாலையிலிருந்து ஒரு பாட்டை, நீங்கள் வழக்கமாக வாசிக்கும் கட்டையில் (சுருதியில்) பாடிக் காட்டுங்கள் என்றார்கள். நான் எடுத்தது 4 கட்டை. மெட்டு மேல் டோ வரை போகும். உச்சியைத் தொட்டபோது பாதிப் பேர் வாயை மூடிக்கொண்டார்கள், ஆண்களில் சிலர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிட்டார்கள். எங்கள் சபையிலும் அதே இடத்தில் சத்தம் அடங்கும். பாட ஆர்வம் இல்லை என்று நானே பலமுறை வருத்தப்பட்டிருக்கிறேன். அம்மா அதே பாட்டை 2 கட்டைக்கு இறக்கி எடுத்தார்கள். அறை நிரம்பிவிட்டது. "மெட்டோட உச்சி ஸ்வரம் எதுன்னு முதல்ல பாருங்க. அது கீபோர்டோட D ஸ்வரத்தைத் தாண்டாம கட்டையை வைங்க. காலை ஆராதனைக்கு வர்றவங்களுக்குத் தொண்டை திறந்திருக்காது" என்றார்கள். 11 வருஷமாக என் சபையாரை நானே பாடவிடாமல் வைத்திருந்தேன். அன்று மதியம் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

பிறகு சொல் பற்றிய வகுப்பு. மேற்கத்திய மெட்டுக்குள் தமிழை அசை எண்ணி அடக்கிய பாட்டுகள்தானே பாமாலையில் பெரும்பாலும்? 8.6.8.6 என்று தலைப்பில் போட்டிருப்பதன் பொருளே அதுதான். கணக்கு சரியாக வந்தாலும் குறில் விழும் இடத்தில் மெட்டு நீண்டால் பொருள் கெட்டுவிடும். 'மனம்' 'மானம்' ஆகும். 'தரும்' என்று பாட வேண்டியது 'தாரும்' ஆகிவிடும். கொடுக்கிறார் என்ற அறிக்கை கொடும் என்ற மன்றாட்டாக மாறிவிடுகிறது. வழி என்ன? குறிலைச் சுருக்கமாகத் தொட்டுவிட்டு நீளத்தை அடுத்த அசைக்குக் கொடுக்கலாம். ம், ன், ல் போன்ற மெய் பின்னால் வந்தால் அதன்மேல் நிற்கலாம். இதற்காக ஒவ்வொரு பாட்டையும் மெட்டில்லாமல் சத்தமாக வாசித்துப் பென்சிலால் குறித்துக்கொண்டோம். மூன்று நாளில் கற்றதில் இதுதான் எனக்குப் பெரியது.

கீர்த்தனைக்குத் தனி வகுப்பு. திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த வேதநாயகம் சாஸ்திரியாரின் பாட்டுகளை இன்னும் பாடுகிறோம். அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, 1853-இல், அமெரிக்க மதுரை மிஷனின் எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். இன்றும் புத்தகத்தில் பாட்டுக்கு மேலே இராகமும் தாளமும் போட்டிருக்கும். நான் அந்த வரியைக் கவனித்ததே இல்லை. மிசிர சாப்பு என்ற தாளம் என்றால் ஒரு சுற்றுக்கு ஏழு எண்ணிக்கை: தகிட தகதிமி. கீபோர்டில் அதற்கு ஸ்டைல் (தானாக ஓடும் தாளம்) தேடிக் கிடைக்காமல் ஆறு எண்ணிக்கையில் போட்டுவிடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு எண்ணிக்கை காணாமல் போகிறது, சொற்கள் முட்டிக்கொள்கின்றன. கையால் தட்டி ஏழில் பாடியபோது அந்தப் பாட்டு நடக்கும் நடையே வேறாக இருந்தது.

சனிக்கிழமை ஒவ்வொருவரும் 10 நிமிஷம் மற்றவர்களைப் பாடவைக்க வேண்டும். நான் கையை இறக்கியதும் ஆளுக்கொரு நேரத்தில் தொடங்கினார்கள். "நீங்க மூச்சு எடுக்கலம்மா, அவங்க எப்படி எடுப்பாங்க?" என்று மட்டும் பயிற்சியாளர் அம்மா கேட்டார்கள். மறுமுறை கையை உயர்த்தும்போது நானும் மூச்சை இழுத்தேன். 45 பேர் மூச்சு இழுக்கும் சத்தம் காதில் விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் மறக்கவில்லை.

போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் சபையில் பாட்டு தடுமாறும் இடங்களைப் போனில் பதிவு செய்துகொண்டு போங்கள். இடைவேளையில் அதைப் போட்டுக் காட்டிக் கேட்டவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது. எனக்கு அது முன்னமே தோன்றவில்லை.

ஊர் திரும்பிய முதல் ஞாயிறு கட்டையை மட்டும் இறக்கினேன். அடுத்த வாரம் சரணத்துக்கும் சரணத்துக்கும் நடுவில் விடும் இடைவெளியை எண்ணி ஒரே அளவாக்கினேன். எங்கள் சனிக்கிழமைப் பயிற்சியில் இப்போது முதல் பத்து நிமிஷம் பாட்டின் சொற்களை மெட்டில்லாமல் வாசிப்பது மட்டும்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், "அக்கா, திரியேகர்னா என்ன?" என்று கேட்டான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்றாயும் ஒன்றாயும் இருக்கும் கடவுளைக் குறிக்கும், சின்ன வயசிலிருந்து பாடுகிற சொல். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மறு வாரம் ஐயாவையே வந்து விளக்கச் சொன்னேன். வந்தார்கள், அரை மணி நேரம் பேசினார்கள்.

தபேலா தம்பிக்கு ஏழு இன்னும் வசப்படவில்லை. ஆராதனை முடிந்ததும் பாயில் உட்கார்ந்து இருவரும் தொடையில் தட்டிப் பழகுகிறோம். அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அந்தக் கீர்த்தனையை அன்று ஏழிலேயே எடுப்பதாக இருக்கிறோம்.