கரண்ட் பில்லும் காத்து லைனும்

கோயம்புத்தூர் பட்டறைக்காரரிடம் சுற்றுச்சூழல் பத்திப் பேசினா டீ கிடைக்கும், அவ்வளவுதானுங்க. கரண்ட் பில்லைக் காட்டிப் பேசினா உடனே ஸ்பேனர் எடுப்பார்.

முதல்ல காத்தை அழுத்தி மெஷினுக்கு அனுப்பற கம்ப்ரஸர். 7 பார் (பிரஷர் அளவு) காத்து லைன்ல 3 மி.மீ. ஓட்டை இருந்தா சுமார் 3 கிலோவாட் வீண். தினம் 10 மணி நேரம், 25 நாள் ஓடினா மாசம் 750 யூனிட். ஷிப்ட் முடிஞ்சு மெஷினெல்லாம் நிறுத்திட்டு கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்க. 2 நிமிஷம் லோடு (காத்தை அழுத்தறது), 6 நிமிஷம் அன்லோடு (அழுத்தாம சும்மா ஓடறது)ன்னா, கம்ப்ரஸர் திறன்ல கசிவு 25 சதம். கசியறது பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப், கப்ளர், டிரெய்ன் வால்வு. கசிவை அடைக்காம பிரஷரை ஏத்தறதுதான் நம்மூர் வைத்தியம்! பிரஷர் ஏற ஏறக் கசிவும் கூடும், பில்லும் கூடும்.

பில்லுக்கு அசையாதவங்களை உத்தரவு அசைக்கும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகுதான் திருப்பூர் சாயப்பட்டறைகள்ல கழிவுநீரை வடிகட்டற ஆர்.ஓ., மிச்சத்தை ஆவியாக்கற எவாப்பரேட்டர் எல்லாம் ஒழுங்கா ஓடுச்சு. கழிவுநீரைச் சுத்தம் பண்ற செலவு கையைக் கடிச்சதும், தண்ணி குறைவாக் குடிக்கற சாஃப்ட் புளோ சாய மெஷினைத் தேட ஆரம்பிச்சாங்க.

மானியம்? விண்ணப்பம், ஆடிட் ரிப்போர்ட்டுன்னு இழுக்கும். ஆறு மாசத்துல போட்ட காசு திரும்பும்னா யாரும் அதுக்காகக் காத்திருக்கறதில்லை.