இரண்டு நோடு கிளஸ்டரில் செத்த குவோரம் டிஸ்க்கை மாற்றியது

புதுச்சேரி தட்டாஞ்சாவடி பக்கம் ஒரு நிறுவனம். விண்டோஸ் சர்வர் 2019, இரண்டு நோடு (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்கும்படி சேர்த்துக் கட்டிய சர்வர்கள்; அந்தக் கட்டுதான் கிளஸ்டர்), மேலே எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸ், கீழே இரண்டுக்கும் பொதுவாக, நெட்வொர்க் வழி இணையும் ஐஸ்கஸி ஸ்டோரேஜ் ஒன்று. ஃபெயில்ஓவர் கிளஸ்டர் மேனேஜரில் விட்னஸாக, அதாவது நோடுகளோடு சேர்ந்து ஓட்டுப் போடும் குவோரம் டிஸ்க்காக இருந்த 'கிளஸ்டர் டிஸ்க் 1' சிவப்பாகி 'ஃபெயில்டு' காட்டியது. ஈவன்ட் லாகில் 1069 (ரிசோர்ஸ் ஃபெயில்), கூடவே 1558 (விட்னஸில் சிக்கல்). எஸ்க்யூஎல் மட்டும் எதுவுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது.

அது அப்படித்தான் ஓடும். குவோரம் டிஸ்க் போனதால் மட்டும் கிளஸ்டர் விழாது. பதறிப்போய் நோடின் பவரைப் பிடுங்கி ரீஸ்டார்ட் செய்யும்போதுதான் வினை வருகிறது.

நோடுக்கு ஒரு ஓட்டு, விட்னஸுக்கு ஒரு ஓட்டு; பாதிக்கு மேல் ஓட்டு (இதுதான் குவோரம்) இருந்தால்தான் கிளஸ்டர் ஓடும். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2 முதலே, விட்னஸ் செத்தால் அதன் ஓட்டைக் கிளஸ்டரே 0 ஆக்கிவிடும். மிச்சம் இரண்டு நோடு, இரண்டு ஓட்டு. சமமாகப் பிரிந்துவிடக் கூடாது என்று ஒரு நோடின் ஓட்டையும் எடுத்துவிடும். ஆக, மொத்தக் கிளஸ்டரும் ஒற்றை ஓட்டில் நிற்கிறது. ஓட்டு இல்லாத நோடு திடீரென்று விழுந்தால் ஒன்றும் ஆகாது. ஓட்டு உள்ள நோடு பவர் போய் விழுந்தால், மற்றது நல்லபடி இருந்தாலும் கிளஸ்டர் மொத்தமாக நின்றுவிடும். முறைப்படி ஷட்டவுன் செய்தால் ஓட்டு அடுத்த நோடுக்குக் கைமாறும்; அறுந்து விழுந்தால் மாறாது.

எனவே முதல் வேலை, பவர்ஷெல்லில் 'கெட்-கிளஸ்டர்நோட்' போட்டு 'டைனமிக்வெயிட்' (நோடின் இப்போதைய ஓட்டு) பார்ப்பது. எதில் 1 இருக்கிறதோ அந்த நோடில் எஸ்க்யூஎல் ரோல் (நோடுக்கு நோடு நகர்த்தக்கூடிய சேவை) இருக்க வேண்டும். இங்கே இல்லை, ஆட்கள் சாப்பிடப் போன நேரத்தில் நகர்த்தினோம்.

அடுத்தது, டிஸ்க்தான் செத்ததா, பாதை அறுந்ததா என்று பிரிப்பது. ஒரு நோடுக்கு மட்டும் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பாதை, இல்லையென்றால் ரிசர்வேஷன் (டிஸ்க்கை எந்த நோடு பிடித்திருக்கிறது என்ற பதிவு) சிக்கல். இரண்டு நோடுக்கும் தெரியாமல், அதே பெட்டியின் மற்ற லன்கள் (ஸ்டோரேஜிலிருந்து சர்வருக்கு வெட்டிக் கொடுக்கும் டிஸ்க்குகள்) நன்றாக இருந்தால் ஸ்டோரேஜுக்குள்ளேதான் கோளாறு. இங்கே இரண்டாவது வகை. குவோரமுக்கென்று தனியாக இரண்டு டிஸ்க், ரெய்டு 1 (ஒன்றின் நகல் மற்றதில்), ஹாட் ஸ்பேர் (ஒன்று செத்தால் தானாக இடம்பிடிக்கும் உதிரி டிஸ்க்) இல்லை. ஒன்று எப்போதோ செத்து மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. ரேக்கின் முன்மூடியைக் கழற்றினால்தான் அது கண்ணில் படும். எச்சரிக்கை மெயிலோ வேலையை விட்டுப் போனவர் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. மழைநாளில் கரன்ட் போனபோது ஜெனரேட்டர் யூபிஎஸ்ஸைத் தாங்கியது, ஏசியைத் தாங்கவில்லை. அந்தச் சூட்டில் இரண்டாவதும் போயிற்று. கடலோர ஊர்களில் ஏசியையும் ஜெனரேட்டர் லைனில் போடுங்கள் என்று சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை.

இரண்டும் செத்த ரெய்டு 1-ல் புது டிஸ்க்கைச் செருகினால் ரீபில்டு ஆக ஒன்றுமில்லை. பேக்கப்பும் தேட வேண்டாம். விட்னஸ் டிஸ்க்கில் இருப்பது கிளஸ்டர் டேட்டாபேஸின் ஒரு நகல்தான். அது ஒவ்வொரு நோடிலும் இருக்கிறது.

புது லன் தயாராகும்வரை ஒற்றை ஓட்டில் இருக்கக் கூடாது. கடலூர் கிளையின் ஃபைல் சர்வரில் ஒரு ஷேர் திறந்து ஃபைல் ஷேர் விட்னஸ் (டிஸ்க்குக்குப் பதில் நெட்வொர்க் ஃபோல்டர்) வைத்தோம். 5 எம்பி காலி இடம் போதும். ஷேரிலும் என்டிஎஃப்எஸ்ஸிலும் கிளஸ்டர் பெயரின் கம்ப்யூட்டர் அக்கவுன்ட்டுக்கு முழு அனுமதி வேண்டும். உங்கள் அட்மின் அக்கவுன்ட்டுக்குக் கொடுத்துப் பயனில்லை. அந்த ஷேர் கிளஸ்டரின் நோடிலோ, அந்தக் கிளஸ்டரை நம்பியிருக்கும் விர்ச்சுவல் மெஷினிலோ இருக்கக் கூடாது. 'செட்-கிளஸ்டர்குவோரம்' கொடுத்ததும் இரண்டு நோடுக்கும் ஓட்டு திரும்பியது.

பிறகுதான் லன். குறைந்தபட்சம் 512 எம்பி. நாங்கள் 1 ஜிபி வெட்டினோம். தனி டிஸ்க் ஜோடியில் அல்ல, டேட்டா இருக்கும் ரெய்டு 10-லேயே. அதற்கு ஹாட் ஸ்பேர் இருக்கிறது. ஒரே கூடையா என்று கேட்பார்கள். அந்த ரெய்டு போனால் எஸ்க்யூஎல்லும் போயிற்று. தனியாக நிற்கும் குவோரமை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டு நோடின் ஐக்யூஎன்னுக்கும் (ஐஸ்கஸியில் நோடின் அடையாளப் பெயர்) அந்த லன்னை மேப் செய்து, இரண்டிலும் ரீஸ்கேன். நோடுக்கு இரண்டு நெட்வொர்க் கார்டு, ஸ்டோரேஜில் இரண்டு கன்ட்ரோலர் என்பதால் 'எம்பிகிளைம்' கட்டளை ஸ்டோரேஜுக்கு நான்கு பாதை காட்ட வேண்டும். இரண்டாவது நோடில் இரண்டுதான் வந்தது. கேபிளைக் கழற்றிப் பார்த்தால் முனையின் பின்களில் பச்சை பூத்திருந்தது, உப்புக்காற்றின் வேலை. கேபிளை மாற்றி, போர்ட்டைக் கான்டாக்ட் கிளீனரால் துடைத்ததும் நான்கும் வந்தன. இதைப் பார்க்காமல் விட்டிருந்தால் அடுத்த விட்னஸ் கோளாறு அங்கிருந்தே கிளம்பியிருக்கும்.

டிஸ்க்கை ஒரே ஒரு நோடில்தான் ஆன்லைன் செய்ய வேண்டும். கிளஸ்டரில் சேரும் முன் இரண்டிலும் ஆன்லைன் செய்து எழுதினால் ஃபைல் சிஸ்டம் நாறிவிடும். 'ரீட் ஒன்லி' என்று அடம்பிடித்தால் டிஸ்க்பார்ட்டில் அந்த ஆட்ரிபியூட்டை நீக்கலாம். பேசிக் டிஸ்க், ஜிபிடி, என்டிஎஃப்எஸ். டிரைவ் லெட்டர் வேண்டாம். பின், கிளஸ்டரில் சேர்க்கக்கூடிய டிஸ்க்கைக் காட்டும் 'கெட்-கிளஸ்டர்அவைலபிள்டிஸ்க்'. ஒன்றும் வராவிட்டால், ஒரு நோடுக்கு லன் தெரியவில்லை என்று பொருள். அல்லது முன்பு வேறு கிளஸ்டரில் இருந்த லன்னாக இருந்து பழைய ரிசர்வேஷன் ஒட்டிக்கொண்டிருக்கும். 'கிளியர்-கிளஸ்டர்டிஸ்க்ரிசர்வேஷன்' அதற்குத்தான். டிஸ்க் எண்ணை இருமுறை சரிபார்த்துவிட்டுக் கொடுங்கள். எண் தப்பினால் எஸ்க்யூஎல் டேட்டா டிஸ்க்கின் பிடி போய்விடும்.

கிளஸ்டரில் சேர்த்ததும் வேலிடேஷன் சோதனையைப் புது டிஸ்க்குக்கு மட்டும் ஓட்டினோம். ரோலில் இருக்கும் டிஸ்க்கையும் சேர்த்து டிக் செய்தால் அது ஆஃப்லைன் போகும். எஸ்சிஎஸ்ஐ-3 பெர்சிஸ்டன்ட் ரிசர்வேஷன் பாஸ் ஆனபின் அதை விட்னஸாக்கினோம். கிளஸ்டர் ஷேர்டு வால்யூமில் (எல்லா நோடும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் டிஸ்க்) சேர்க்கக் கூடாது, விட்னஸாக ஏற்காது.

கடைசியாகப் பழையது. முதலில் கிளஸ்டரிலிருந்து 'கிளஸ்டர் டிஸ்க் 1' ரிசோர்ஸை நீக்க வேண்டும், அதன் பிறகே ஸ்டோரேஜில் அன்மேப்.

சரிபார்ப்பு: விட்னஸ் டிஸ்க் இருக்கும் 'கிளஸ்டர் குரூப்'பை ஒரு நோடிலிருந்து மறு நோடுக்கும் திரும்பவும் நகர்த்தி, இரண்டிலும் டிஸ்க் ஆன்லைன் வருகிறதா என்று பார்த்தோம். 'விட்னஸ்டைனமிக்வெயிட்' 1, இரு நோடுக்கும் 1. இரவில் எஸ்க்யூஎல் இருந்த நோடின் இரண்டு பவர் கேபிளையும் உருவினோம். 1135 (நோடு கிளஸ்டரிலிருந்து விலகியது) பதிவாகி, ரோல் மறுபக்கம் ஏறியது.

கடலூர் ஷேரை அழிக்கவில்லை. அனுமதியெல்லாம் போட்டபடியே இருக்கிறது. அடுத்த முறை ஒரு கட்டளையில் மாறிக்கொள்ளலாம். எச்சரிக்கை மெயில் இப்போது மூன்று பேருக்குப் போகும் பொது முகவரிக்கு வருகிறது.