சாக்கடைக் கட்டணமும் மில்பிடாஸின் கதையும்

கலிபோர்னியாவில் சான் ஹோசேக்குப் பக்கத்தில் இருக்கும் நம் மில்பிடாஸில், கிரேட் மால் என்ற வணிக வளாகத்தில் துணி எடுக்கப் போகிற நம்மவர்களில் பலருக்கு, அந்தக் கட்டடம் 1955 முதல் 1983 வரை ஃபோர்டு கார் தொழிற்சாலையாக இருந்தது தெரியாது. ஆலை இருந்தது மில்பிடாஸில், பெயர் மட்டும் சான் ஹோசே ஆலை. அறுபதுகளின் மஸ்டாங் கார் ஒன்றை எங்காவது பார்த்தால் அதன் அடையாள எண்ணைக் கவனியுங்கள், இரண்டாவதாக ‘ஆர்’ என்ற எழுத்து இருந்தால் அது இந்த ஊர் வண்டி.

அந்த ஆலை அதற்கு முன் வடக்கே ரிச்மண்டில் இருந்தது. ஃபோர்டு இங்கே மாறியபோது தொழிலாளர்களும் கூடவே வர வேண்டியிருந்தது, வெள்ளைக்காரர்களுக்குப் புதுப்புது வீட்டு மனைகள் கிடைத்தன, கறுப்பினத் தொழிலாளர்களுக்கு யாரும் விற்கவில்லை, இரு இனத்தவரும் சேர்ந்து வாழும் குடியிருப்பு என்றால் மத்திய அரசின் வீட்டுக்கடன் உத்தரவாதமும் கிடையாது. மில்பிடாஸ் தனி நகரமானது 1954 ஜனவரியில். புதிய நகர மன்றம் எடுத்த முதல் நடவடிக்கைகளில் ஒன்று, அடுக்குமாடி வீடுகளைத் தடுத்து, தனி வீடுகளை மட்டும் அனுமதிக்கும் அவசரச் சட்டம். கறுப்பினத்தவரை வெளியே நிறுத்த, யாருடைய நிறத்தைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

தொழிற்சங்கம் விடவில்லை. எல்லா இனத்தவருக்குமான குடியிருப்பு ஒன்றைக் கட்ட ஏற்பாடு செய்தது. உடனே அந்த மனைகளுக்கான சாக்கடை இணைப்புக் கட்டணம் பத்து மடங்குக்கு மேல் ஏறியது! எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் கோபம் வரும் இடம் இதுதான். இவ்வளவுக்குப் பிறகும் சன்னிஹில்ஸ் என்ற அந்தக் குடியிருப்பு எழுந்தது, கறுப்பினத்தவரும் வெள்ளையரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியேறினார்கள்.

அங்கே குடியிருந்தவர்தான் பென் கிரோஸ், ஆர்கன்சாவில் பிறந்து ஃபோர்டு ஆலையில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிற்சங்கக்காரர். 1961-ல் நகர மன்ற உறுப்பினர், 1966-ல் மேயர். அதுவும் வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த ஊரில், அந்தக் காலத்தில். அதே 1961-ல்தான் சான் ஹோசே நகரம் மில்பிடாஸைத் தன்னோடு இணைத்துக்கொள்ளப் பார்த்தது. ஊர்க்காரர்கள் எதிர்த்து நின்று தடுத்தார்கள், நகர முத்திரையில் துப்பாக்கியோடு நிற்கும் வீரன் அந்தப் போராட்டத்தின் அடையாளம்.

இன்று இங்கே மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஆசியர்கள். நாம் யாரும் சும்மா வந்து உட்கார்ந்துவிடவில்லை என்பது சரி, ஆனால் நமக்கு முன்னால் சிலர் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அப்புறம், நகர மன்றக் கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் மனை வகைப்பாடு (எந்த மனையில் என்ன கட்டலாம் என்ற விதி), இணைப்புக் கட்டணம் என்று சலிப்பூட்டும் தலைப்புகளைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள். கலிபோர்னியா சட்டப்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே நிரலை ஒட்டியாக வேண்டும், பொதுமக்கள் எழுந்து பேசவும் விட வேண்டும். அதற்குக் குடியுரிமை வேண்டாம், எந்த விசா என்று கேட்க மாட்டார்கள், பெயரைக்கூடச் சொல்லியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.