எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் பட்டியலை வரிவரியாக வாசித்தல்

கனடாவின் எட்மண்டன் ஆயிலர்ஸ் ஐஸ் ஹாக்கி அணியின் பருவவாரிப் பட்டியலில் இரண்டு வரிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். 1985-86 பருவத்தில் அந்த அணி 80 ஆட்டங்களில் 56 வெற்றி, 17 தோல்வி, 7 சமநிலை கண்டு 119 புள்ளிகள் பெற்றது. லீக்கின் சாம்பியனுக்குத் தரும் ஸ்டேன்லி கிண்ணம் கிடைக்கவில்லை. 1989-90 பருவத்தில் அதே 80 ஆட்டங்களில் 38 வெற்றி, 28 தோல்வி, 14 சமநிலை, 90 புள்ளிகள் மட்டுமே, கிண்ணம் கிடைத்தது. இந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று தேடப் போனதில்தான் எனக்கு இந்த அணியின் மேல் பற்று வந்தது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஒருவர் பனித்தரையில் ஆடும் விளையாட்டைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஈப்போவுக்கும் கோல கங்சாருக்கும் இடையே பால்மரக் காடும் (ரப்பர்) செம்பனையும் சூழ்ந்த ஊர் இது; இங்கே பிள்ளைகள் தோட்டத்துத் திடலில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். என் அக்கா மகன் வேலைக்காக எட்மண்டனுக்குக் குடிபெயர்ந்த பிறகு, அங்கே மாலையில் நடக்கும் ஆட்டத்தின் முடிவு இங்கே மறுநாள் பகலில் கைப்பேசிக்கு வந்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதிலாகப் பயன்படுத்தும் கறுப்பு வட்டு, கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திக் கெட்டியாக்கிய ரப்பரால் ஆனது. ரப்பர் மரத்தில் பால் வெட்டிப் பிழைத்த குடும்பத்திலிருந்து வந்த எனக்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது.

பட்டியலின் முதல் பகுதியை எல்லாரும் அறிவார்கள். 1972இல் வேறொரு லீக்கில் தொடங்கிய அணி, 1979இல் தேசிய ஹாக்கி லீக்கில் சேர்ந்தது. முதல் பருவத்தில் 28 வெற்றி, 39 தோல்வி, 69 புள்ளிகள். இரண்டே ஆண்டுகளில், 1981-82இல், அது 111 புள்ளிகளாக உயர்ந்தது. அந்தப் பருவத்தில் வெயின் கிரெட்ஸ்கி தனி ஒருவராக 92 கோல் அடித்தார். 1983-84இல் அணி அடித்த கோல்கள் 446. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஐந்தரைக்கும் மேல். ஒரு பருவத்தில் 400 கோலைத் தாண்டிய அணி லீக் வரலாற்றில் இது ஒன்றுதான். அதையும் தொடர்ந்து ஐந்து பருவங்கள் செய்து காட்டியது. 1984, 1985, 1987, 1988 ஆகிய ஆண்டுகளில் கிண்ணம் வந்தது.

1986இல் மட்டும் வராமல் போனதற்குக் காரணம் பட்டியலில் இல்லை. பருவம் முடிந்ததும் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்றுகளில், நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணி முன்னேறும். ஏப்ரல் 30 அன்று, அண்டை நகரமான கால்கரியின் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டம், மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் 2-2 என்று நின்றது. தற்காப்பு ஆட்டக்காரர் ஸ்டீவ் ஸ்மித் தம் கோல் வலைக்குப் பின்னாலிருந்து வட்டைத் தள்ளிவிட்டார். அது தங்கள் கோல் காவலர் கிராண்ட் ஃபியூரின் காலில் பட்டு வலைக்குள் போய்விட்டது. அன்று ஸ்மித்துக்கு 23 வயது நிறைந்த பிறந்தநாள். கால்கரி 3-2 என வென்றது. 119 புள்ளிகளும் அந்த ஒரு தள்ளலில் போயின. மறு ஆண்டு கிண்ணத்தை வென்றபோது, அணித் தலைவரான கிரெட்ஸ்கி அதை முதலில் எடுத்து நீட்டியது அந்த ஸ்மித்தின் கையில்தான். ஐந்து கிண்ணங்களின் கதைகளில் எனக்கு மிக உயர்ந்ததாகப் படுவது இதுவே.

1988 ஆகஸ்ட் 9 அன்று கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். பதிலுக்கு எட்மண்டனுக்கு ஆட்டக்காரர்களும், இளம் ஆட்டக்காரர்களை முதல் சுற்றில் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் மூன்றும், ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலரும் கிடைத்தன. அடுத்த பருவத்தில் புள்ளிகள் 84ஆக இறங்கின. முதல் சுற்றிலேயே அதே லாஸ் ஏஞ்சலிஸிடம், 3-1 என்று முன்னிலையில் இருந்தும், ஏழு ஆட்டங்களில் தோற்றார்கள். அதற்குப் பிறகுதான் 1989-90 வரி வருகிறது. மார்க் மெஸ்ஸியர் தலைமையில், வெறும் 90 புள்ளிகளோடு, இறுதிச் சுற்றில் பாஸ்டனை 4-1 என்று வென்றார்கள். நிபுணர்கள் பெரும்பாலும் 1983-84 வரியையே இந்த அணியின் உச்சம் என்பார்கள். என் கணிப்பில் 1989-90 வரிதான் பெரியது. தலையாய ஆட்டக்காரர் போன பிறகும் ஓர் அணி எதைத் தன்னிடம் வைத்திருந்தது என்பதை அந்த வரி காட்டுகிறது.

இந்தப் பட்டியலை வாசிக்க ஒரு பயிற்சி வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள தலைப்பு ஒன்றாகவே இருந்தாலும் கட்டங்களின் பொருள் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கிறது. நம் காற்பந்தில் வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1, தோல்விக்கு ஒன்றுமில்லை. ஐஸ் ஹாக்கியில் வெற்றிக்கு 2 புள்ளிதான். 1999-2000 பருவத்திலிருந்து கூடுதல் நேரத்தில் தோற்ற அணிக்கும் 1 புள்ளி கிடைக்கிறது. 2005-06இலிருந்து சமநிலையே இல்லை. கூடுதல் நேரத்திலும் முடிவு தெரியாவிட்டால் தனித்தனியாகக் கோல் அடிக்கவிட்டு வெற்றியாளரை முடிவு செய்கிறார்கள். ஆகவே 2005-06இன் 95 புள்ளிகளை 1987-88இன் 99 புள்ளிகளுக்குப் பக்கத்தில் வைத்து, ஏறத்தாழ ஒரே தரம் என்று சொல்வது தவறு. அந்த 95இல் 13 புள்ளிகள் தோற்ற ஆட்டங்களிலிருந்து வந்தவை.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் நிலையானதன்று. 1994-95இலும் 2012-13இலும் முதலாளிகளுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் ஒப்பந்தம் அமையாமல் பருவம் 48 ஆட்டங்களாகச் சுருங்கியது. 2019-20 பருவம் பெருந்தொற்றால் எட்மண்டனுக்கு 71 ஆட்டங்களோடு நின்றது. அடுத்தது 56 ஆட்டங்கள், அதுவும் கனடிய அணிகள் தங்களுக்குள்ளேயே ஆடியவை. 2004-05இலோ வரியே காலி. பருவம் முழுவதும் ரத்து. தோட்டத்தில் கிராணியாராக (எழுத்தராக) இருந்த என் அப்பா வைத்திருந்த செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்), மழை பெய்து பால் வெட்டு நின்ற நாள்களின் கட்டங்கள் இப்படித்தான் பெயர்களுக்கு நேராக வெறுமையாக இருக்கும். பட்டியலை நான் ஒரு நீளக் குறிப்பேட்டில் கையால் படியெடுத்து வைத்திருக்கிறேன். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஆட்ட எண்ணிக்கையைப் புள்ளிகளுக்கு முன்னதாகவே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன். 2012-13இன் 45 புள்ளிகளை அந்தச் சிவப்பு எண் இல்லாமல் படித்தால், அந்த அணிக்கு அநியாயம் செய்தவர்களாவோம்.

2005-06 வரியைத் தனியாகச் சொல்ல வேண்டும். லீக்கின் மேற்குப் பிரிவில் எட்டாவது இடத்தில், கடைசியாகத் தொற்றிக்கொண்டு கிண்ணச் சுற்றுக்குள் நுழைந்த அணி, அந்தப் பருவத்தில் 124 புள்ளிகள் குவித்திருந்த டெட்ராய்ட்டை ஆறு ஆட்டங்களில் வெளியேற்றியது. பிறகு சான் ஹோசே, அனஹைம் என்று தாண்டி, இறுதிச் சுற்றில் கரோலினாவிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது. கோல் காவலர் டுவேன் ரோலொசன் இறுதிச் சுற்றின் முதல் ஆட்டத்திலேயே காயமடைந்தது பெரும் இடி. அந்தக் கோடையிலேயே தற்காப்பின் தூணான கிரிஸ் பிராங்கர் அனஹைமுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பின் 2006-07 முதல் 2015-16 வரை பத்துப் பருவங்கள் கிண்ணச் சுற்றே கிடையாது. பலர் இந்தப் பத்து வரிகளைத் தாவிவிடுகிறார்கள். நான் இங்கேதான் அதிக நேரம் செலவிட்டேன். 2009-10இலும் 2010-11இலும் தலா 62 புள்ளிகளோடு லீக்கிலேயே கடைசி இடம். கடைநிலை அணிகளுக்கு இளம் ஆட்டக்காரர் தேர்வில் முன்னுரிமை உண்டு என்பதால் 2010, 2011, 2012, 2015 ஆகிய நான்கு ஆண்டுகளில் முதல் தேர்வு எட்மண்டனுக்கே கிடைத்தது: டெய்லர் ஹால், ரையன் நியூஜெண்ட்-ஹாப்கின்ஸ், நெயில் யாக்குபோவ், கானர் மெக்டேவிட். முதல் மூவர் வந்தும் அணி எழவில்லை. காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை: அந்தப் பத்துப் பருவங்களில் அணியை நடத்திய பயிற்றுநர்களின் பெயர்களை எழுதினால் மேக்டாவிஷ், குவின், ரென்னி, குரூகர், ஈகின்ஸ், நெல்சன், மெக்லெல்லன் என்று ஏழு பேர். பதினெட்டு வயதுப் பிள்ளைகளை ஆளுக்கொரு முறையில் ஆட வைத்தால் அவர்கள் எப்படி முதிர்வார்கள்? திறமையைத் தேர்வில் பெற்றுவிடலாம். அதை வளர்க்கும் பொறுமையை அந்த நிர்வாகம் அப்போது காட்டவில்லை என்பது என் உறுதியான கருத்து.

புதிய அரங்கமான ரோஜர்ஸ் பிளேஸ் திறந்த 2016-17இல் 103 புள்ளிகளோடு வறட்சி நீங்கியது. 2022-23இல் 109 புள்ளிகள். மெக்டேவிட் மட்டும் கோலும் கோலுக்கான உதவியுமாக 153. ஆனால் 2023-24 வரிதான் மறுபடியும் என்னை உட்கார வைத்தது. 49 வெற்றி, 27 தோல்வி, கூடுதல் நேரத் தோல்வி 6, 104 புள்ளிகள் என்று அந்த வரி சாதாரணமாகத் தெரியும். முதல் 13 ஆட்டங்களில் வெறும் 3 வெற்றி என்பதும், பயிற்றுநர் ஜெய் உட்கிராஃப்ட் நீக்கப்பட்டு கிரிஸ் நோப்லாக் வந்ததும், அதன் பிறகு தொடர்ந்து 16 ஆட்டங்கள் வென்று லீக் சாதனைக்கு ஒன்று குறைவாக நின்றதும் அதில் தெரியாது. இறுதிச் சுற்றில் ஃபுளோரிடாவிடம் முதல் மூன்று ஆட்டங்களையும் இழந்துவிட்டு, அடுத்த மூன்றை 8-1, 5-3, 5-1 என்று வென்றார்கள். ஏழாவது ஆட்டம் நம் நேரப்படி ஜூன் 25, செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கியது. "மாமா, இந்த வருசம் கண்டிப்பா நமக்குத்தான்" என்று அக்கா மகன் அனுப்பிய செய்தி பசியாறும் மேசையில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. 2-1 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தும் கிண்ணச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது மெக்டேவிட்டுக்கே கிடைத்தது.

2024-25இல் 101 புள்ளிகள். லியோன் டிரைசைட்டல் 52 கோல் அடித்து லீக்கில் முதலிடம். மறுபடியும் அதே ஃபுளோரிடா, மறுபடியும் இறுதிச் சுற்று, இந்த முறை ஆறு ஆட்டங்களில் தோல்வி. அந்த ஆறில் எட்மண்டன் வென்ற இரண்டும் கூடுதல் நேரத்தில் வந்தவை. தோற்ற நான்கிலும் ஐந்து அல்லது ஆறு கோல்களை விட்டுக்கொடுத்தது. மெக்டேவிட்டும் டிரைசைட்டலும் அடிக்கவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வோர் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். குறை முன்வரிசையில் இல்லை, பின்னால் இருக்கிறது. தற்காப்பையும் கோல் காவலையும் சரிசெய்யாமல் 1990இல் வந்த ஐந்தாவதை அடுத்து ஆறாவது கிண்ணம் வராது என்பதே, வாங்கிய கோல்களின் கட்டத்தை வரிவரியாகப் பார்த்துவந்த என் முடிவு.