தத்துவம் படித்தவருக்கு மருத்துவமனையில் என்ன வேலை?

அண்ணன் மகள் பல்கலைக்கழகத்தில் தத்துவம் எடுக்கப் போகிறாளாம். "அது சோறு போடுமா?"ன்னு குடும்ப வாட்ஸ்அப் குழுவே கொதிக்குது.

அலஸ்டர் கேம்பலைச் சொன்னேன். மருத்துவர் இல்லை, தத்துவமும் இறையியலும் படித்தவர். 1975ல் மருத்துவ நன்னெறிக்கான (சிகிச்சையில் எது சரி, எது தவறு என்று யோசிக்கும் துறை) ஆய்விதழ் ஒன்றின் முதல் ஆசிரியர். நியூசிலாந்து, பிரிட்டன் என்று சுற்றி, 2006ல் நம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் உயிர்மருத்துவ நன்னெறி மையத்தின் முதல் இயக்குநரானார். டாக்டர்களுக்கே பாடம் எடுக்கும் தத்துவக்காரர்!

இவர்களுடைய வேலை சும்மா வாய்ச்சவடால் இல்லை. இறந்தவரின் உறுப்பை எடுத்து நோயாளிக்குப் பொருத்த வழிசெய்யும் நம் உறுப்பு மாற்றுச் சட்டத்தையே பாருங்கள். 1987ல் சிறுநீரகத்தோடு தொடங்கியது, 2004ல் கல்லீரல், இதயம், கருவிழி சேர்ந்தன, 2008ல் முஸ்லிம்களும் சட்டத்துக்குள் வந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவரை சம்மதம்தான். மௌனம் சம்மதமா? இது ரத்தப் பரிசோதனையில் தெரியாது.

மனிதர்களை வைத்து நடத்தும் மருத்துவ ஆய்வுக்கு அப்படி முடியாது, பொதுவாகக் கேட்டுத்தான் ஆகணும். மனித உயிர்மருத்துவ ஆய்வுச் சட்டம் (2015) வற்புறுத்திச் சம்மதம் வாங்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் தமிழ் மட்டுமே தெரிந்த தாத்தா டாக்டர் முகத்துக்காகத் தலையாட்டினால்? என்னைக் கேட்டால் அது சம்மதமே இல்லை. மரியாதை, அவ்வளவுதான்.

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பு செய்பவர்கள் இங்கே யாராவது இருக்கீங்களா? அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வீங்க?