பழைய சிஸ்டத்துக்கு எஸ்எஸ்டி வாங்கப் போறீங்களா, ஒரு நிமிசம்

வீட்ல கெடக்கற பழைய கம்ப்யூட்டர் நகரவே மாட்டேங்குது புதுசு வாங்கலாமான்னு சொந்தக்காரங்க யாராச்சும் கேட்டா நான் திருப்பி கேக்கறது, உள்ள இருக்கது ஹார்ட்டிஸ்க்கா எஸ்எஸ்டியான்னுதான். ஹார்ட்டிஸ்க் தட்டு சுத்தி டேட்டா படிக்கற பழைய டைப், எஸ்எஸ்டி சுத்தறது இல்லாம சிப்புல டேட்டா வைக்கற டைப். ஹார்ட்டிஸ்க்குன்னா புது கம்ப்யூட்டர் பேச்ச அப்படியே ஓரமா வைங்க. ஒரு சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட்டிஸ்க் மாதிரியே கேபிள்ல மாட்டறது, போடுங்க, பொறவு பேசுவோம்.

இப்ப இத எழுத காரணம் தக்கலைல எங்க மைனி வீட்டு சிஸ்டம். அண்ணன் மஸ்கட்ல, இங்க மைனியும் காலேஜ் போற பொண்ணும். நாலாவது ஜெனரேஷன் ஐ3 ப்ராசஸர், எச்81 மதர்போர்டு, 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட்டிஸ்க், அந்த காலத்துல நாகர்கோவில்ல அசெம்பிள் பண்ணினது. மைனி வீட்ல இருந்தே சர்ச் திருவிழா நோட்டீஸ், கல்யாண கார்டு எல்லாம் டிசைன் பண்ணி குடுப்பாங்க, அதனால சிஸ்டம் படுத்தா வேலையும் படுத்துரும். சிஸ்டத்த ஆன் பண்ணிட்டு போயி மீன் வெட்டி கழுவி கொழம்புக்கு தேங்கா அரச்சுட்டு வந்தா அப்பதான் டெஸ்க்டாப்ல ஐக்கான் ஒவ்வொண்ணா எட்டிப் பாத்துட்டு இருக்கும். டாஸ்க் மேனேஜர தொறந்து பாத்தா டிஸ்க் 100 சதவீதத்துல ஒட்டிக்கிட்டு நிக்குது, ப்ராசஸர் பாவம் வேல இல்லாம சும்மா கெடக்கு. ஒரு கடையில காட்டியிருக்காங்க, அவரு இது தேறாது, போர்டு ப்ராசஸர் ரேம் எல்லாத்தையும் மாத்தி என்விஎம்இ, அதாவது சாட்டாவ விட வேகமான எஸ்எஸ்டி, போட்டாதான் ஸ்பீடு வரும்னு ஒரு எஸ்டிமேட் எழுதி குடுத்துட்டாரு. மைனி என்ட்ட "தம்பி, அண்ணன்ட்ட பைசா கேக்கதுக்கு முன்னாடி நீ ஒருக்கா பாத்து சொல்லு"ன்னாங்க.

சரி, ஹார்ட்டிஸ்க் ஏன் இப்படி இழுக்குது. டெஸ்க்டாப் ஹார்ட்டிஸ்க் நிமிசத்துக்கு 7200 சுத்து, அதாவது செகண்டுக்கு 120. ஒரு ஃபைல் வேணும்னா உள்ள இருக்கற அந்த கை மாதிரி ஐட்டம் சரியான ட்ராக்குக்கு நகரணும், அதுக்கு ஒரு எட்டொம்பது மில்லிசெகண்டு, பொறவு தட்டு சுத்தி வர்றதுக்கு சராசரி 4 மில்லிசெகண்டு, ஆக ஒரு எடத்துல இருந்து எடுக்கவே 12 மில்லிசெகண்டு போயிருது. செகண்டுக்கு நூறு எடம் கூட தொட முடியாது. விண்டோஸ் பூட் ஆகும்போது படிக்கறது ஒரு பெரிய ஃபைல் இல்ல, அங்கயும் இங்கயும் செதறி கெடக்கற ஆயிரக்கணக்கான குட்டி குட்டி ஃபைலு. எஸ்எஸ்டில சுத்தறதுக்கோ நகர்றதுக்கோ ஒண்ணும் கெடையாது, சாதா எஸ்எஸ்டி கூட 0.1 மில்லிசெகண்டு அளவுல எடுத்து குடுத்துரும். நூறு மடங்கு வித்தியாசம் வர்றது இந்த எடத்துலதான், பெட்டி மேல பெருசா அச்சடிச்சிருக்கற எம்பி கணக்குல இல்ல.

அந்த கணக்கையும் பாத்துருவோம். சாட்டா 3 எஸ்எஸ்டி செகண்டுக்கு 550 எம்பி கிட்ட, என்விஎம்இ ஓடற பிசிஐஇங்கற வழில மூணாவது ஜெனரேஷன் 3500, நாலாவது 7000 வரைக்கும் போகும். கேக்க கொள்ளாம், ஆனா வீட்ல பிரவுசர் தொறக்க, வேர்டு தொறக்க, நோட்டீஸ் அடிக்க, இதுல சாட்டாக்கும் என்விஎம்இக்கும் கண்ணுக்கு பெருசா வித்தியாசம் தெரியாது. மார்த்தாண்டம் மேம்பாலத்துல பறந்து போயி எறங்கின ஒடனே பிளாக்ல நிக்கற கத, பாலத்துல எவ்வளவு வெரசா போனாலும் மிச்ச ரோடு பழைய ரோடுதான, அந்த ஐ3 ப்ராசஸருக்கு அதோட வேகம்தான். 4கே வீடியோ எடிட் பண்றவங்க, பெரிய கேம் ஆடறவங்க, புது போர்டு வெச்சிருக்கறவங்க தாராளமா என்விஎம்இ போடுங்க, அதுவும் புது போர்டுல சாட்டா வாங்கி கேபிள் இழுத்துட்டு இருக்கறது வெட்டி வேல.

எச்81ல என்விஎம்இ குத்தற எம்.2 ஸ்லாட் தேடாதீங்க, அனேகமா இருக்காது. பிசிஐஇ கார்டு ஒண்ணு வாங்கி அதுல என்விஎம்இய மாட்டலாம்னு யூடியூப்ல காட்டுவாங்க, மாட்டலாம், ட்ரைவா தெரியும், ஆனா அந்த காலத்து பயாஸ் (சிஸ்டம் ஆன் ஆனதும் மொதல்ல ஓடற போர்டு ப்ரோக்ராம்) பலதுக்கும் என்விஎம்இல இருந்து பூட் பண்ணவே தெரியாது, மாத்தின பயாஸ் ஏத்தணும், ஏத்தும்போது கரண்டு போனா போர்டே போச்சு, நம்ம ஊர் கரண்ட நம்பி இந்த விளையாட்டெல்லாம் வேண்டாம். அதவிட பழைய எச்61 போர்டா இருந்தா சாட்டா 2 மட்டும்தான், எஸ்எஸ்டி போட்டாலும் 270 எம்பி கிட்டதான் வரும். அப்பவும் போடுங்க! மேல சொன்ன மில்லிசெகண்டு கணக்கு அங்கயும் அப்படியே கெடைக்கும். எச்81ல ரெண்டு போர்ட் ஃபாஸ்ட், ரெண்டு ஸ்லோ, எதுன்னு போர்டுல பக்கத்துலயே பொடி எழுத்துல இருக்கும், டார்ச் அடிச்சு பாத்து ஃபாஸ்ட்டுல குத்துங்க. என்ன போர்டுன்னே தெரியலன்னா சிபியு-இசட்ங்கற சாப்ட்வேர் போட்டு மெயின்போர்டு பக்கத்த பாருங்க, பெட்டிய கழத்தவே வேண்டாம்.

லேப்டாப்காரங்களுக்கு ஒரு வரி. எம்.2ங்கறது வெறும் உருவம், அந்த சூயிங்கம் பாக்கெட் மாதிரி பட்டைக்குள்ள சாட்டாவும் வரும் என்விஎம்இயும் வரும், உங்க ஸ்லாட் எத எடுக்கும்னு மாடல் நம்பர போட்டு தேடி பாத்துட்டு வாங்குங்க.

இனி எத வாங்க. ரெண்டு விசயம் பாப்பேன், டிராம்ங்கற வேகமான மெமரி சிப் தனியா இருக்கா, டேட்டா வைக்கற செல்லு டிஎல்சியா க்யூஎல்சியா. எந்த டேட்டா எந்த செல்லுல இருக்குன்னு ஒரு கணக்குப் புத்தகம் எஸ்எஸ்டிக்குள்ள ஓடிட்டே இருக்கும், டிராம் இருந்தா அது அதுல நிக்கும், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் அந்த ஸ்லோ மெமரியிலயே போயி பாக்கணும். டிராம் இல்லாத என்விஎம்இ சிஸ்டத்தோட ரேம்ல கொஞ்சம் கடன் வாங்கி சமாளிச்சுக்கும், சாட்டால அந்த வசதி கெடையாது. டிஎல்சின்னா ஒரு செல்லுல 3 பிட், க்யூஎல்சின்னா 4 பிட், க்யூஎல்சி வெல கம்மி, ஆனா மொத்தமா எழுதறதுக்கு மெதுவா இருக்கும், தேய்மானமும் கூட. விலை கொறஞ்ச ட்ரைவுல 50, 60 ஜிபி கல்யாண வீடியோவ காப்பி போட்டு பாருங்க, கொஞ்ச நேரம் ஜோரா ஓடும், மொதல்ல வேகமா வாங்கி வைக்கற கேஷ்ங்கற எடம் நெறஞ்சதும் ஹார்ட்டிஸ்க்குக்கும் கீழ எறங்கி நின்னுரும். சும்மா பிரவுசரும் பாட்டும்தான்னா அத பத்தி கவலப்பட வேண்டாம்.

எழுதி எழுதி எஸ்எஸ்டி செத்துருமேன்னு பயப்படறவங்க இன்னும் இருக்காங்க. கிங்ஸ்டன் ஏ400, விலை கொறஞ்ச ட்ரைவுதான், 480 ஜிபிக்கு 160 டெராபைட் எழுதலாம்னு கம்பெனியே சொல்லுது. நீங்க தெனமும் 20 ஜிபி எழுதினாலும் வருசத்துக்கு 7.3 டெராபைட், இருபது வருசத்துக்கு மேல வரும், அதுக்குள்ள கம்ப்யூட்டர ஆக்கர் கடைக்கு போட்டுருப்பீங்க. சாம்சங் 870 ஈவோ 500 ஜிபிக்கு 300 டெராபைட், வாரண்டி 5 வருசம், ஏ400க்கு 3. நான் அந்த டெராபைட்ட விட வாரண்டி வருசத்ததான் பாப்பேன், ஏன்னா எஸ்எஸ்டி தேஞ்சு சாகறத விட அத ஓட்டற கண்ட்ரோலர் சிப் போயி திடீர்னு ஒரு நாள் காணாம போறதுதான் பயம், ஹார்ட்டிஸ்க் மாதிரி கடகடன்னு சத்தம் போட்டு சொல்லிட்டு போகாது சவம்.

முன்னெல்லாம் கண்ண மூடிட்டு க்ரூஷியல் எம்எக்ஸ்500ன்னு சொல்லிருவேன். 2025 டிசம்பர்ல க்ரூஷியலோட சொந்தக்கார கம்பெனி மைக்ரான் அந்த க்ரூஷியல் கடைசரக்க நிறுத்தறோம்னு அறிவிச்சுட்டாங்க, 2026 பிப்ரவரி வரைக்கும்தான் சப்ளைன்னாங்க, வாரண்டி தொடரும்னும் சொல்லியிருக்காங்க. மெமரி சிப் எல்லாம் ஏஐ டேட்டா சென்டருக்கு போகுது, 2025 கடைசில இருந்து வெல ஏறினது அதனாலதான். அதனால 1 டிபி ஆசைய விட்டுட்டு மைனிக்கு 870 ஈவோ 500 ஜிபியே வாங்கினோம், 240 வாங்கினா போட்டோஷாப்புக்கும் விண்டோஸுக்கும் மூச்சு முட்டும். மாட்டினதும் 465ன்னு காட்டும், கடைக்காரர திட்டாதீங்க, கம்பெனி ஆயிரத்துல எண்ணுது, விண்டோஸ் 1024ல எண்ணுது, அவ்வளவுதான். ஆனா ஆன்லைன்ல அடிமாட்டு வெலைக்கு 16 டிபி எஸ்எஸ்டின்னு ஒண்ணு வரும் பாருங்க, அது வேற கத, பெட்டிக்குள்ள ஒரு மெமரி கார்டு ஒட்டி வெச்சிருப்பான்.

மாட்டற அன்னைக்கு கைல இருக்க வேண்டியது ஒரு சாட்டா கேபிள், ஏன்னா எஸ்எஸ்டி பெட்டில கேபிளும் இருக்காது ஸ்க்ரூவும் இருக்காது, பெட்டிய பிரிச்ச பொறவு நாகர்கோவிலுக்கு பஸ் ஏறாதீங்க. சின்ன டேட்டா கேபிள், எல் மாதிரி இருக்கற ரெண்டு வாய், ஒரே பக்கமாத்தான் போகும், டக்குன்னு ஒரு சத்தம் கேக்கணும், பழைய கேபிள்ல அந்த க்ளிப் தளந்து போயிருக்கும், அதனால புதுசே நல்லது. எஸ்எம்பிஎஸ்ல, அதாவது பவர் சப்ளை பெட்டில, சாட்டா பவர் வயர் மிச்சம் இல்லன்னு அந்த பழைய நாலு பின் வயர்ல இருந்து மாத்தற அடாப்டர் குடுப்பாங்க, பிளாஸ்டிக்க உருக்கி ஊத்தின மாதிரி ஒரே கட்டியா இருக்கற டைப் வேண்டாம், அது உள்ள ஷார்ட் ஆகி தீ புடிச்ச கத நெறைய உண்டு.

ஹார்ட்டிஸ்க்க அப்படியே க்ளோன் பண்ணலாம், ஆனா பல வருச குப்பை கெடக்கற விண்டோஸ எதுக்கு அப்படியே தூக்கி புது வீட்டுக்கு கொண்டு போகணும், நான் புதுசாவே ஏத்தினேன். ஏத்தும்போது பழைய ஹார்ட்டிஸ்க் கேபிள கழத்தி விட்டுருங்க, இல்லன்னா விண்டோஸ் எஸ்எஸ்டில ஏறும், பூட் ஃபைல போயி ஹார்ட்டிஸ்க்ல வெச்சுரும், நாளைக்கு ஹார்ட்டிஸ்க் போனா ரெண்டும் போகும். பயாஸ்ல சாட்டா செட்டிங் ஏஎச்சிஐ மோடான்னும் ஒருக்கா பாத்துக்கோங்க. நாலாவது ஜெனரேஷனுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கெடையாது, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சது, எக்ஸ்ட்ரா செக்யூரிட்டி அப்டேட் திட்டத்துல சேந்தா 2026 அக்டோபர் வரைக்கும் ஓட்டலாம். போட்டோஷாப் தேவப்படாத வீடா இருந்தா விண்டோஸுக்கு பதிலா லினக்ஸ் மின்ட் போட்டு குடுத்துருப்பேன்.

இப்ப சுச்ச போட்டுட்டு சேர இழுத்து ஒக்காரறதுக்குள்ள டெஸ்க்டாப் வந்துருது. மைனிக்கு சந்தோசம், ஆனா எனக்கு வேல முடியல, ஏன்னா பழைய ஹார்ட்டிஸ்க்க கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற ட்ரைவ் சோதிக்கற சாப்ட்வேர் போட்டு பாத்தா மஞ்சள்ல காஷன், அதாவது எச்சரிக்கைன்னு காட்டுது, பென்டிங் செக்டார், அதாவது சரியா படிக்க முடியாத எடம், வர தொடங்கிருச்சு, அதுலதான் அண்ணன் ஒவ்வொரு லீவுக்கும் வந்தப்ப எடுத்த போட்டோ மொத்தமும் கெடக்கு. மொதல்ல அத இன்னொரு எக்ஸ்டர்னல் ஹார்ட்டிஸ்க்குக்கு மாத்தணும். அதுக்கும் எஸ்எஸ்டிதான் வாங்கணும்னு பொண்ணு சொன்னா, வேண்டாம்னுட்டேன், கரண்டு இல்லாம வருசக்கணக்கா பீரோல கெடந்தா எஸ்எஸ்டி செல்லுல இருக்கற சார்ஜ் மெதுவா கசிஞ்சுரும், பத்திரமா எடுத்து வைக்கறதுக்கு இன்னும் ஹார்ட்டிஸ்க்தான். அப்படியே ஒரு யுபிஎஸும் சொல்லியிருக்கேன். எழுதிட்டு இருக்கும்போது படக்குன்னு கரண்டு போனா எஸ்எஸ்டிக்கும் ஆவாது, ஐப்பசி இடியில நம்ம பக்கம் எத்தன தடவ கரண்டு போகும்னு உங்களுக்கே தெரியும், இடி வெட்டும்போது பிளக்க உருவிப் போடணும்னு மைனிட்ட தனியா சொல்லணும்.