கிளட்ச் கவரில் ஒரு விரிசல்

ஜூன் 10, 2023, பெகு (மியான்மர்)

காலையில் டீக்கடைகளுக்குப் பால் கொண்டுபோகும்போது மோட்டார் சைக்கிள் சேற்றில் வழுக்கி வலது பக்கமாக விழுந்தது. பால் கொஞ்சம்தான் சிந்தியது. ஆனால் அடியில் ஒரு கல் கிடந்திருக்கிறது. எஞ்சினின் வலது பக்க மூடியான கிளட்ச் கவரில், கிக்கருக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்கு விரிசல், எஞ்சின் ஆயில் சொட்டுகிறது. 125 சிசி வண்டிக்கு ஆயிலே ஒரு லிட்டர் அளவுக்குத்தான் பிடிக்கும். அது வடிந்த பிறகு ஓட்டினால் எஞ்சினே போய்விடும் என்று வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 11

கவரைக் கழற்றினேன். போல்ட்டுகள் ஒரே நீளமில்லை. அதனால் அட்டையில் கவர் வடிவத்தை வரைந்து, எது எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன். கிக்கர் ஷாஃப்ட்டைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தையும் (சீல்) எடுத்துவிட்டேன். ரப்பர் பற்றவைக்கும் சூட்டைத் தாங்காது.

விரிசல் எதுவரை ஓடியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. உள்பக்கம் மண்ணெண்ணெய் தடவி, வெளியே சாக்கட்டித் தூளைப் பூசினேன். சற்று நேரத்தில் தூளில் ஈரக்கோடு விழுந்தது. நான் நினைத்ததைவிட நீளம்! கோட்டின் இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் ஓட்டை போட்டேன். இனி அது மேலே ஓடாது. கரண்ட் இல்லாததால் கையால் சுற்றும் டிரில்தான். அப்புறம் முக்கோண அரத்தால் விரிசலை அகலப்படுத்தினேன்.

ஜூன் 12

ஆர்கான் வெல்டிங்தான் நல்லது. ஆனால் கரண்ட் எப்போது வரும் என்று பட்டறைக்காரருக்கே தெரியாது, பால் காத்திருக்காது. கேஸ் டார்ச்சும், உருக்கி விரிசலை அடைக்க அலுமினிய ராடும் வாங்கி வந்தேன். துத்தநாகம் கலந்த இந்த ராடு 400 டிகிரிக்கு முன்பே உருகிவிடும். கவர் அலுமினிய வார்ப்பு, அது உருக 500 டிகிரிக்கு மேல் வேண்டும்.

ராடு உருகியது, ஆனால் ஒட்டவில்லை. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு ஓடியது. சூடு ஏறியதும் விரிசலிலிருந்து ஆயில் கசிந்து புகைந்தது. பெட்ரோலில் மூன்று முறை கழுவிய கவர் அது! மனசே விட்டுப்போனது.

ஜூன் 14

மாமா வந்து பார்த்தார். "மாப்ள, மேல கழுவுனா போதாது. உள்ள ஊறிக் கிடக்குற ஆயில எரிச்சு எடுக்கணும்" என்றார். வருஷக்கணக்கில் சூடான ஆயிலில் கிடந்த வார்ப்பு, அதன் நுண்துளைகளிலெல்லாம் ஆயில் இருக்கும். இது எனக்குத் தோன்றாமல் போனதே என்று வருத்தமாக இருந்தது.

பெட்ரோல் பாட்டிலைத் தூரமாக வைத்துவிட்டு, கவரைக் கரி அடுப்பின் மேல் கம்பி வலையில் மெதுவாகச் சூடாக்கினோம். புகை முழுதாக அடங்க அரை மணிக்கு மேல் ஆனது. ஆறியதும் துடைத்து, மறுபடியும் சூடாக்கினோம். அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது, நிறம் மாறாமலே திடீரென்று உருகி விழும். அதனால் டார்ச்சை ஒரே இடத்தில் நிறுத்தவில்லை. ராடுக்கு நேராகத் தீயைக் காட்டவில்லை, கவரின் சூட்டில்தான் அது உருக வேண்டும்.

அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும். அது உருக 2,000 டிகிரிக்கு மேல் வேண்டும், டார்ச் எட்டாது. உருகி நின்ற ராடுக்கு அடியிலேயே ஸ்டெயின்லெஸ் கம்பியால் கீறினேன். படலம் கிழிந்த இடத்தில் ராடு சட்டென்று பரவி விரிசலுக்குள் இறங்கியது. அந்த நொடியில் எனக்குக் கை நடுங்கியது. தண்ணீர் ஊற்றாமல் சாம்பலில் புதைத்து ஆறவிட்டோம்.

ஜூன் 15

கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை விரித்து, கவரின் விளிம்பைத் தேய்த்துச் சமன் செய்தேன். லேசாகத்தான் வளைந்திருந்தது. மண்ணெண்ணெயும் சாக்கட்டியும் மறுபடி. ஒரு மணி நேரம் காத்திருந்தேன், கோடு விழவில்லை. புது சீல், விளிம்பில் வைக்கும் புது கேஸ்கெட். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன்.

ஜூன் 17

நேற்றும் இன்றும் பால் போனது. இரவு வண்டிக்கு அடியில் விரித்த பழைய பேப்பரில் ஒரு சொட்டுகூட இல்லை.